உள்தள்ளலும் நீக்கமும்: நிரல் தொகுதியின் எல்லை காணும் முறை

உரையைத் திருத்துவோர் செய்யும் தொழில்களுள் சேர்த்தல், மாற்றல், நீக்கல் என்னும் மூன்றும் முதன்மையானவை. இவற்றுள் நீக்கலே எளிதென்பது பொதுவான எண்ணம். ஓர் எழுத்தை நீக்குதல் எளிதே. ஒரு வரியை நீக்குதலும் எளிதே. ஆயின், பல வரிகள் ஒருங்குகூடி ஒரு கருத்துக்கு உரியனவாய் நிற்கும்போது, அவற்றுள் ஒன்றையும் விடாமலும் அயல்வரி ஒன்றையும் தொடாமலும் நீக்குதல் அத்துணை எளிதன்று. அத்தொகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை முன்னர் அறுதியிட்டாக வேண்டும். கணினிக்கு நிரல் எழுதுவோர், உரைதிருத்தி என்னும் கருவியைக் கொண்டு, உள்தள்ளி எழுதப்பட்ட வரித்தொகுதிகளைத் தெரிந்தெடுத்து நீக்கும் முறை எவ்வாறு வளர்ந்தது என்பதை ஈண்டு ஆராய்வாம். தமிழ்த்துறை இதழில் இப்பொருளுக்கு இடமென்னை என வினவுவாரும் இருத்தல் கூடும். ஏட்டைப் பதிப்பிப்பவரும் நிரலைத் திருத்துபவரும் எதிர்கொள்ளும் இடர் ஒன்றே என்பது எம் விடை.

இவ்வாராய்ச்சிக்கு ஓசூர் வட்டாரம் ஏற்ற களமாகும். 2004ஆம் ஆண்டு தருமபுரியினின்றும் பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தில், எழுத்துப் பொறித்த நடுகற்கள் பல உள. அம்மாவட்டத்தைச் சேர்ந்த ஓசூரிலோ சிப்காட் தொழிற்பேட்டையும் அதனைச் சார்ந்த சிறு பட்டறைகளும் உள. அங்கே உலோகத்தைக் கடையும் பொறிகள் எழுத்தாணையால் இயங்குகின்றன. கருநாடக எல்லையைக் கடந்து பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு நாள்தோறும் சென்று நிரலெழுதித் திரும்புவோரும் இவ்வூரில் மிகுதி. கல், பொறி, கணினி ஆகிய மூன்றிலும் ‘இவ்வரி எதற்கு உரியது?’ என்னும் ஒரு வினாவே எழுகின்றது.

கல்லும் ஓலையும்

நடுகல்லில் வீரனது உருவமே முதலிடம் பெறுகின்றது. உருவத்தைச் சூழ எஞ்சிய இடத்தில் எழுத்துக்கள் பொறிக்கப்படுகின்றன. ஆகவே வரிகள் ஒரே ஓரத்தில் தொடங்குவதில்லை. வீரனது தலையோ வில்லோ குறுக்கிட்ட இடத்தில் வரி ஒதுங்கி நிற்கும். இவ்வொதுக்கத்துக்குப் பொருள் யாதும் இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. தொடக்கத்தை அறிவதற்கு ‘கோவிசைய’ என வரும் அரசன் பெயரும் ஆட்சியாண்டுமே துணை. 1975ஆம் ஆண்டு தொல்லியல் துறை வெளியிட்ட ‘தருமபுரி கல்வெட்டுகள்’ தொகுப்பை நோக்குவார், எல்லையைக் காட்டுவது இடமன்று, மரபுத்தொடரே என்பதை எளிதில் உணர்வர்.

ஓலையின் நிலை இதனினும் இடர்ப்பாடுடையது. ஏட்டில் மூலமும் உரையும் ஒரே ஓட்டமாய் எழுதப்பட்டிருக்கும். மூலத்தை ஓரத்தில் நிறுத்தி உரையை உள்ளே தள்ளி அடுக்குதல் அச்சு வந்தபின் வந்த வசதி. எழுத்தாணியால் கீறிய எழுத்தை அழித்தலும் இயலாது. பிழைபட்டதைக் கீறிவிட்டு மேலே எழுதிச் செல்வதே வழக்கம். எனவே ஏட்டைப் பதிப்பித்தோர், இது மூலம், இஃது உரை, இஃது உரையில் வந்த மேற்கோள் எனத் தம் அறிவினாலேயே பகுத்தல் வேண்டியிருந்தது.

எல்லை தவறின் யாது நேரும் என்பதற்குத் தொல்காப்பியப் பதிப்பு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1885ஆம் ஆண்டு சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார். அழியும் நிலையிலிருந்த ஏடுகளைத் தேடி அச்சேற்றிய அப்பெருந்தொண்டுக்குத் தமிழுலகம் என்றும் கடமைப்பட்டது. ஆயின் அப்பதிப்பில் நச்சினார்க்கினியர் பெயரில் வெளிவந்த பிற்பகுதியாகிய மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் நான்கியல்களின் உரை பேராசிரியருடையது என்பதை, இரா. இராகவையங்கார் அவர்கள் பின்னர்ச் ‘செந்தமிழ்’ இதழில் நிறுவினார். ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. உரையில் ஓர் எழுத்தும் கெடவில்லை. ஒரு வரியும் குறையவில்லை. உரைகாரர் மாறுகின்றார் என்பதைக் காட்டும் தலைப்பு ஒன்றே இல்லை. தலைப்பின்றி நின்ற பகுதி, தனக்கு முன்னிருந்த தலைப்பின்கீழ்ச் சென்று அடங்கிவிட்டது. படிப்பவர்க்கு ஐயம் தோன்றுமாறு ஓசையொன்றும் எழவில்லை. இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்க. கணினி நிரலில் இதுவே வேறு வடிவில் மீண்டும் வரும்.

வரியெண் காலம்

நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளைகளின் வரிசை. தொடக்கத்தில் அது துளையிட்ட அட்டைகளில் எழுதப்பட்டது. ஓர் அட்டை ஒரு வரி. வரிக்கு 80 இடம். 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில், முதல் ஐந்து இடங்கள் வரியின் அடையாள எண்ணுக்கும், ஆறாவது இடம் முன்வரியின் தொடர்ச்சி என்பதைக் காட்டுதற்கும், ஏழு முதல் எழுபத்திரண்டு வரையுள்ளவை கட்டளைக்கும் உரியன. எஞ்சிய எட்டு இடங்களில் அட்டையின் வரிசையெண்ணைக் குறித்துவைப்பர். கட்டு கீழே விழுந்து சிதறினால் மீண்டும் அடுக்குதற்கு அது பயன்படும்; ஏட்டின் ஓரத்தில் நம் முன்னோர் இட்ட ஓலையெண்ணும் இப்பயன் கருதியதே. ஒரு தொகுதியை நீக்குதலாவது அவ்வட்டைகளைக் கையால் உருவி எடுத்தலே. எடுத்தவை மேசைமேல் கிடக்கும். வேண்டுமாயின் மீண்டும் செருகலாம்.

அட்டை ஒழிந்து தட்டச்சு முனையம் வந்தபோது உரைதிருத்தியும் வந்தது. 1960களின் இடையில் பெர்க்லியில் பட்லர் லாம்ப்சனும் பீட்டர் டாய்ச்சும் கியூ.இ.டி. என்பதை ஆக்கினர். அதன் வழித்தோன்றலாக 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் இ.டி. என்பதை எழுதினார். இதில் நிரல் முழுவதும் கண்ணுக்குப் புலனாகாது. கேட்ட வரி மட்டுமே தாளில் அச்சாகி வரும். ‘மூன்று, ஏழு’ என எண்களைத் தந்து ‘டி’ என்னும் எழுத்தை இட்டால், மூன்றாம் வரி முதல் ஏழாம் வரிவரை நீங்கும். நீங்கிய கணமே எட்டாம் வரி மூன்றாம் வரியாகிவிடும். ஆகவே பழைய எண்களை நம்பி அடுத்த தொகுதியை நீக்கப் புகுவோர் வேறொன்றை நீக்கிவிடுவர். இதனை அறிந்தோர் கீழிருந்து மேலாக நீக்கி வருவர். ஆணை பிழைபட்டால் அக்கருவி ஒரு வினாக்குறியை மட்டும் அச்சிட்டு வாளா இருக்கும். சுருங்கச் சொல்லல் என்னும் அழகுக்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டா.

1976ஆம் ஆண்டையொட்டி இருவகைக் கருவிகள் தோன்றின. பில் ஜாய் ஆக்கிய வி.ஐ., திரையில் நிரலைக் காட்டிற்று; நீக்கு என்னும் வினையோடு ‘எதுவரை’ என்னும் அளவையும் இணைத்துக் கூறச் செய்தது. அடுத்த வெற்றுவரி வரை, இணையான அடைப்புக்குறி வரை என்றெல்லாம் அளவு அமையும். ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் தொடங்கிய ஈமேக்ஸில், ஓரிடத்தில் அடையாளம் இட்டு, மற்றோரிடத்திற்குச் சென்று, இடைப்பட்ட பரப்பை எடுக்கலாம். எடுத்தது உடனே அழிவதில்லை; ஒரு வளையத்தில் சேர்த்து வைக்கப்பட்டு வேண்டும்போது மீளும். இதே காலப்பகுதியில் சிராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும், சுட்டியால் உரையைத் தெரிந்து வெட்டி ஒட்டும் முறையைச் சீர்ப்படுத்தினர். முதலில் தெரிதல், பின்னர்ச் செயல் என்னும் வரிசை அவர்களால் நிலைபெற்றது. எதனை நீக்கப் போகின்றோம் என்பதை நீக்குமுன் கண் காண்கின்றது. இம்மாற்றம் சிறிதெனத் தோன்றினும், எல்லையை எண்ணத்திலிருந்து கண்ணுக்குக் கொண்டுவந்தது அதுவே.

உள்தள்ளல் பொருள் பெறுதல்

மேற்கூறிய கருவிகள் யாவும் எல்லையைக் கூறும் பொறுப்பைத் திருத்துவோனிடமே விட்டன. நிரலில் தொகுதியின் எல்லையைக் காட்டும் வழக்கம் இருவகைப்படும். ஒன்று, முடிவைச் சொல்லாலோ குறியாலோ கூறுதல். அல்கால் 60 மொழியில் தொடக்கத்துக்கு ஒரு சொல்லும் முடிவுக்கு ஒரு சொல்லும் உண்டு. சி மொழியில் நெளிவு அடைப்புக்குறிகள் உண்டு. முத்து அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியில் தொகுதியின் ஈற்றில் ‘முடி’ என்னும் சொல் வரும். மற்றொன்று, வரியை எவ்வளவு உள்ளே தள்ளி எழுதுகின்றோம் என்பதையே எல்லையாகக் கொள்ளுதல். பீட்டர் லாண்டின் 1966இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விதி வகுத்து, காற்பந்தாட்டத்தின் ‘ஆஃப்சைடு’ என்னும் சொல்லைப் பெயராக இட்டார். தொடங்கிய இடத்திற்கு இடப்புறம் ஒரு சொல் வருமாயின் அத்தொகுதி முடிந்ததென்பது அவ்விதி. ஆம்ஸ்டர்டாமில் ஏ.பி.சி. என்னும் மொழியிற் பழகிய குய்டோ வான் ராசம், 1991இல் வெளியிட்ட பைத்தானில் உள்தள்ளலையே இலக்கணமாக்கினார். நடுகல்லில் பொருளற்றிருந்த ஒதுக்கம் இங்கே முழுப்பொருள் பெறுகின்றது.

பைத்தான் தன் தொகுதிகளை அறியும் முறை நயமுடையது. ஒவ்வொரு வரியின் முன்னும் உள்ள வெற்றிடத்தை அளந்து, ஆழம் மிகும்போது அவ்வளவை ஓர் அடுக்கின்மேல் வைக்கின்றது. குறையும்போது, அந்த அளவு கிடைக்கும்வரை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கின்றது. எடுத்த ஒவ்வோர் அளவும் முடிந்த ஒரு தொகுதி. அந்த அளவு அடுக்கில் இல்லையாயின் பிழையென நிற்கும்.

இனி நீக்கலுக்கு வருவாம். எளிய எடுத்துக்காட்டொன்றைத் தமிழிலேயே எழுதிக் காட்டுதும்:

மழை பெய்தால்:
    குடையை எடு
இல்லையேல்:
    துணியை உலர்த்து

‘மழை பெய்தால்’, ‘இல்லையேல்’ என்பன தலைவரிகள். உள்தள்ளி நிற்பவை அவற்றின் உடல்கள். ‘துணியை உலர்த்து’ என்பதை மட்டும் நீக்கித் தலைவரியை விட்டால், தலைக்கு உடலில்லை எனப் பைத்தான் உடனே முறையிடும். இப்பிழையால் கேடில்லை, நிரல் ஓடவே ஓடாது. ‘இல்லையேல்’ என்னும் வரியை மட்டும் நீக்கினாலோ, எஞ்சிய மூன்று வரிகளும் இலக்கணப் பிழையின்றி நிற்கும்; நிரலும் ஓடும். மழை பெய்யும்போது குடையை எடுத்து, அம்மழையிலேயே துணியையும் உலர்த்தும். வெயிற்காலத்தில் வாளா இருக்கும். 1885ஆம் ஆண்டுப் பதிப்பில் பேராசிரியர் உரைக்கு நேர்ந்தது இதுவே அன்றோ? உடல் அழிதலினும் தலை அழிதல் கொடிது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

உள்தள்ளலைக் கொண்டே தொகுதியைத் தெரியும் வசதி பிற்கால உரைதிருத்திகளில் உண்டு. பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட விம் என்பதில், 2001இல் வந்த ஆறாம் பதிப்பு முதல், வரிகளை மடித்து வைக்கும் முறை அமைந்தது. உள்தள்ளலின்படி மடிக்குமாறு அமைத்தால், ஒரு தொகுதி முழுவதும் ஒரு வரியாய்ச் சுருங்கித் தோன்றும். அவ்வொரு வரியை நீக்கினால் உள்ளிருக்கும் வரிகள் அனைத்தும் நீங்கும். நீக்கலுக்கு இதனினும் விரைவான வழி அரிது. ஆயினும் அம்மடிப்பில் அடங்குவது உடலே. தலைவரி ஆழம் குறைந்தது ஆதலின் மடிப்புக்கு வெளியே நிற்கும். தலைவரியையும் சேர்த்து நீக்குதல் திருத்துவோனது கடமை. பைத்தானில் இதனை மறந்தாலும் முற்கூறியவாறு பிழை தன்னைத்தானே காட்டிக்கொள்ளும்.

வேறு மூன்று இடங்களிலும் கருத்து வேண்டும். முதலாவது வெற்றுவரி. பைத்தான் வெற்றுவரியை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. தொகுதியின் நடுவே அது வரலாம். ‘அடுத்த வெற்றுவரி வரை நீக்கு’ எனும் வி.ஐ. ஆணையை அங்கே இட்டால் பாதி உடலே நீங்கும், மறுபாதி எஞ்சும். இரண்டாவது, பல வரிகளாய் நீளும் மேற்கோட் சரம். அதன் வரிகள் தொகுதிக்குள்ளே இருந்துகொண்டே இடப்புற ஓரத்தைத் தொட்டு நிற்கலாம். உள்தள்ளலை மட்டும் அளக்கும் கருவி, அங்கே தொகுதி முடிந்ததென மயங்கும். உரைக்குள் வந்த மேற்கோட் செய்யுளை மூலமென மயங்குதற்கு இஃது இணையானது. மூன்றாவது, தத்தற் குறியும் வெற்றிடமும் கலத்தல். இரண்டும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு. பழைய பைத்தான் தத்தற் குறியை எட்டிடமாக எண்ணியது. நான்கிடமாகக் காட்டும் திருத்தியில் எழுதியவனுக்குத் தோன்றிய தொகுதி வேறு, கணினி கொண்ட தொகுதி வேறு. 2008இல் வந்த பைத்தான் 3, ஐயத்துக்கு இடம்தரும் இக்கலப்பை ஏற்க மறுத்துவிட்டது. இம்மறுப்பை யாம் பெரிதும் பாராட்டுகின்றோம்.

அடைப்புக்குறி மொழிகளில் உள்தள்ளல் வெறும் ஒப்பனையாதலின் வேறொரு தீங்கு விளைகின்றது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் இயங்குதளத்தில் ஒரு குறையை அவசரமாகத் திருத்தியது. இணையத் தொடர்பின் மறுமுனையிலிருப்பது மெய்யான தளந்தானா எனச் சரிபார்க்கும் சி மொழி நிரலில், ‘தோல்விக்குச் செல்’ என்னும் பொருளுடைய தாவல் கட்டளை ஒன்று இருமுறை அடுத்தடுத்து வந்திருந்தது. இரண்டும் ஒரே அளவில் உள்தள்ளப்பட்டிருந்தமையின், இரண்டும் மேலுள்ள நிபந்தனைக்கு உரியன போலத் தோன்றின. அடைப்புக்குறி இன்மையால் முதல் வரி மட்டுமே அந்நிபந்தனைக்கு உரியதாயிற்று. இரண்டாம் வரி எந்நிலையிலும் நிகழ்ந்தது. அதன்கீழ் இருந்த கையொப்பச் சோதனை நடைபெறாமலே போயிற்று. எஞ்சிநின்ற ஒரு வரியால் எண்ணற்ற கருவிகளின் காப்பு நெகிழ்ந்தது. இத்தகைய பொய்த்தோற்றத்தை எடுத்துக்காட்டும் எச்சரிக்கையை 2016இல் ஜி.சி.சி. என்னும் மொழிமாற்றியின் ஆறாம் பதிப்பு சேர்த்துக்கொண்டது.

நிரலின் இலக்கணத்தையே திருத்திக்குக் கற்பித்தல் வேறொரு வழி. 1981இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைட்டல்பாமும் ரெப்ஸும் விளக்கிய கருவியில், தொகுதியை முழுமையாக எடுக்கலாமேயன்றிப் பாதியை எடுத்தல் இயலாது. அது பயில்வோர்க்கு நன்று, எழுதுவோர்க்குத் தளை. எழுதும்போது நிரல் பெரும்பாலும் குறைநிலையிலேயே இருக்குமன்றோ? 2018ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்த ட்ரீ-சிட்டர் என்பது, குறைபட்ட நிரலையும் இயன்றவரை மரமாகப் பகுத்துத் திருத்திக்குத் தருகின்றது. தெரிவை விரித்தல் என்னும் ஆணையைத் திரும்பத் திரும்ப இட, சொல், தொடர், தொகுதி, அதனைச் சூழ்ந்த தொகுதி எனத் தெரிவு விரிந்து செல்லும். தலைவரியும் உடன் வருதல் இதன் சிறப்பு.

நீக்காமல் நீக்கல்

கம்பராமாயணத்தைப் பதிப்பித்தோர், கம்பர் வாக்கன்று எனக் கருதிய செய்யுட்களைக் கிழித்தெறியவில்லை. மிகைப்பாடல்கள் எனத் தனியே தொகுத்து வைத்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பு இதற்குச் சான்று. நிரலாசிரியரும் ஐயமுற்ற தொகுதியை நீக்காமல், குறிப்புரையாக்கி ஓடாமல் நிறுத்துவர். சி மொழியில் இதற்கும் ஓர் இடர் உண்டு. குறிப்புரைக்குள் குறிப்புரை அடங்காது. நிறுத்திய தொகுதிக்குள் முன்னரே ஒரு குறிப்புரை இருப்பின், அதன் முடிவே முழுமைக்கும் முடிவாகிவிடும்; எஞ்சியவை மீண்டும் உயிர்பெறும்.

ஓசூர்ப் பட்டறைகளில் உள்ள சி.என்.சி. பொறிகளில் இம்முறை கையால் இயக்கும் விசையாகவே அமைந்துள்ளது. அப்பொறிக்குரிய நிரலில் ஒரு வரிக்கே ‘பிளாக்’ என்று பெயர். வரியின் முன் ஒரு சாய்கோட்டை இட்டு, பொறியின் பலகையிலுள்ள ‘பிளாக் டெலீட்’ அல்லது ‘பிளாக் ஸ்கிப்’ என்னும் விசையைத் திருப்பினால், சாய்கோடு பெற்ற வரிகளைப் பொறி தாண்டிச் செல்லும். துளையுள்ள உறுப்பும் துளையில்லா உறுப்பும் ஒரே நிரலாற் செய்யப்படுதற்கு இது வழி. ஆனால் இங்கே உள்தள்ளல் இல்லை. தலைவரி எது என்பதைக் கண் காட்டாது. பல ஆணைகள் ஒருமுறை இட்டால் மாற்றும்வரை நிலைத்து நிற்பவை. அளவைத் தொடக்கப்புள்ளியிலிருந்து கொள்வதா, நின்ற இடத்திலிருந்து கொள்வதா என்னும் ஆணை அத்தகையது. அவ்வாணை சாய்கோடு பெற்ற வரிக்குள் அமைந்துவிடின், விசையைத் திருப்பியபோது அது விழுங்கப்படும். அடுத்த வரிகள் பழைய முறையிலேயே அளவைக் கொள்ளும். ‘இல்லையேல்’ என்னும் வரி நீங்கியபோது துணி மழைக்குப் போனவாறே, இங்கே வெட்டுளி வேண்டா இடத்துக்குப் போகும். ஆங்கே எதிர்ப்படுவது பொறியின் பிடிப்போ உறுப்போ ஆகலாம். அதனாலேயே, தாண்டத்தக்க வரிகளை அடுத்து நிலையாணைகளை மீண்டும் எழுதிவைத்தலைத் தேர்ந்த தொழிலாளர் வழக்கமாகக் கொள்கின்றனர். புதிய நிரலை முதலில் உலோகமின்றி ஓட்டியும் பார்க்கின்றனர்.

தமிழ்த்துறையினர் இன்று மேற்கொள்ளும் மின்பதிப்புப் பணிக்கும் இவ்வாராய்ச்சி தொடர்புடையது. இணையப் பக்கத்தின் மொழி, வரிமுன் இட்ட வெற்றிடங்களைப் பொதுவாக ஒன்றாகச் சுருக்கிவிடும். அவ்வழிச் சென்று மீண்ட சி மொழி நிரலை, அடைப்புக்குறிகளைக் கொண்டு மீண்டும் உள்தள்ளி அமைத்துக்கொள்ளலாம். பைத்தான் நிரலையோ பொறியால் மீட்க இயலாது. பொருளுணர்ந்த ஒருவர் வரிவரியாகப் படித்தே தள்ளுதல் வேண்டும். உள்தள்ளல் ஒன்றினாலேயே மூலமும் உரையும் மேற்கோளும் வேறுபடுத்தப்பட்ட அச்சுப் பக்கத்தைக் கணினியில் ஏற்றுவோரும் அந்நிலையினரே. ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்கமும் முடிவும் கூறும் பெயர்க்குறியை இட்டு ஏற்றினால், பின்னர் உரையை மட்டும் தெரிந்தெடுத்து நீக்கி மூலத்தைத் தனியே காணவும், மூலத்தை நீக்கி உரைநடையை மட்டும் ஆராயவும் இயலும். வெற்றிடத்தை நம்பி ஏற்றிய பக்கங்கள் சுருங்கியபின், 1885இல் ஏட்டைக் கையில் வைத்திருந்தவரின் நிலையையே நாமும் அடைவோம். அவர் கையில் ஓலையாவது இருந்தது.